மைனிக்குத் துணிதான் தெரியும்

பெஸ்கி வீடா? எந்த பெஸ்கி, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கானே, அந்த பெஸ்கியா? பக்கத்துலதான். நாலு எட்டு வச்சா வந்துரும். அவன் எங்கயும் போயிர மாட்டான், இப்பம் அவனுக்குப் போக்கிடம் ஏது. இரிங்க தம்பி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு இரிங்க, துணியை மட்டும் சவட்டிராதிய. எதுக்கு அவனைத் தேடுதிய?

ஓ. கேப்டன் லியோன் படகை வாங்கினது நீங்கதானா. புதுச்சேரிக்காரர் ஒருத்தர் வாங்கியிருக்காருன்னு காதுல விழுந்துச்சு. அப்பம் அந்தப் பையில இருக்கது அந்தப் பெரிய பாய்தான். பையைப் பாத்ததுமே நெனச்சேன், வாய்க்கு ரெட்டைத் தையல் போட்டது நான்தான். சரி, பாய் ஏறி எறங்குத ட்ராக் எது போடலாம்னு அவன்ட்ட கேக்கணும். இப்பம் இருக்க பிளாஸ்டிக் சறுக்கியே இருக்கட்டுமா, கேப்டன் கார் ஷெட்டுல கெடக்க அந்தக் குண்டு ட்ராக்கை எடுத்து மாட்டணுமா. அதான? அவன்ட்ட போறதுக்கு முந்தி என்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. ஒண்ணும் பேசாண்டாம், நான் சொல்லிருதேன், பொறவு ஒங்க இஷ்டம்.

எம் பேரு மெற்றில்டா. இருவத்தேழு வருசமா இந்தப் பட்டறை. லாரிக்குத் தார்ப்பாயும் தைப்போம், கல்யாணப் பந்தலுக்கும் தைப்போம், ஆனா படகுப் பாய்னா தூத்துக்குடியில என்னைத்தான் கேப்பாவ. அந்த பெஸ்கி யாருன்னு நெனச்சிய? எனக்குக் கொழுந்தன், நான் அவனுக்கு மைனி. எங்க வீட்டுக்காரரு ராயப்பனுக்குக் கூடப்பொறந்த தம்பி. நான் கல்யாணமாகி வரும்போது அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். என் கையால எத்தனை வருசம் சோறு தின்னிருக்கான் தெரியுமா. அதைச் சொல்லிக்காட்டக் கூடாது. சொல்லிக்காட்டலை, சும்மா சொல்லுதேன்.

பொறவு கப்பல்ல எஞ்சின் வேலைக்குப் போனான். ஆறு வருசம். நாலு நாட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டு வந்தவனுக்கு ஊருல எல்லாரும் கோட்டியாத் தெரிஞ்சாவ. பாய்மரம் நிறுத்துறது, கம்பி இழுத்துக் கட்டுறது, அந்த வேலையெல்லாம் செய்ய ஆரம்பிச்சான். நல்லாத்தான் செய்வான். நான் அதை இல்லைன்னு சொல்லலை. நல்லாச் செய்யுதவனுக்குத்தான் திமிரு வரும்.

கேப்டன் லியோன் ரிட்டயராகி வந்து அந்தப் படகை வாங்கினாரு. முப்பத்திநாலு அடி. பழைய பாய் நைஞ்சு போச்சு, புதுசா தைக்க என்ட்ட குடுத்தாரு. முழு பேட்டன் வச்ச பாய் வேணும்னாரு. நீங்க படகுக்குப் புதுசுன்னா சொல்லுதேன், பாய்க்குள்ள குறுக்க நீளமா குச்சி சொருகி வச்சிருக்கும்லா, அதான் பேட்டன். அஞ்சு பேட்டன். பாய் தொய்யாம வெறப்பா நிக்கும். அந்தக் குச்சி ஒவ்வொண்ணும் ஒரு முனையால பாய்மரத்தைப் பாத்து நெட்டித் தள்ளிக்கிட்டே இருக்கும். அந்த முனையில என்ன மாட்டுறது, அது மரத்துல எதைப் பிடிச்சு ஏறும் எறங்கும், அதான் கேள்வி.

நான் சொன்னேன், சறுக்கி போதும்னு. மரத்துலயே பள்ளம் இருக்கு, பிளாஸ்டிக் சறுக்கியைப் பாய் ஓரத்துல தச்சிட்டா அது பாட்டுக்கு ஏறும், அது பாட்டுக்கு எறங்கும். ஒண்ணு ஒடைஞ்சா அரை மணி நேரத்துல வேற தச்சுக் குடுத்துருவேன். அவன் சொன்னான், அதெல்லாம் சரிவராது, மரத்து மேல தனியா அலுமினிய ட்ராக் வைக்கணும், பேட்டன் முனைக்கு முனை பேரிங் வச்ச வண்டி மாட்டணும்னு. தீப்பெட்டி அளவு வண்டி. உள்ள மொளகு கணக்கா குட்டிக் குட்டிக் குண்டு. அது வெளிநாட்டுலருந்து வரணும். ஒரு குண்டு கடல்ல விழுந்தா அடுத்த பார்சல் வரமுட்டும் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணும். நான் கேட்டது தப்பா, சொல்லுங்க. பாய் தச்சவ நான். பாய் ஓரத்துல என்ன மாட்டணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

கேப்டன் நல்ல மனுசன், ஆனா கப்பல்காரரு. ரெண்டையும் மாட்டிப் பாப்போம், எது நல்லா எறங்குதோ அதைப் போடுவோம்னுட்டாரு. அவரு வீட்டு முத்தத்துல பாய்மரத்தைக் கெடத்தி வச்சிருந்தாரு. சனிக்கிழமை பரீட்சை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த எடுபட்டவன் என் வீட்டுக்கு வந்தான். வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு பைய்யச் சொல்லுதான். "மைனி, நாளைக்கு அந்தச் சறுக்கியைக் கொண்டுட்டு வராதிய. அது நடுவுல சிக்கும். குண்டு ட்ராக்தான் நல்லதுன்னு நீங்களே கேப்டன்ட்ட சொல்லிருங்க. நீங்க யோசிச்சுச் சொன்னதாவே இருக்கட்டும். நான் வாயைத் தொறக்க மாட்டேன்." பாத்தியளா தந்திரத்தை. வீட்டுக்கு வந்து தோத்துப் போன்னு சொல்லுதான். நான் கேட்டேன், "ஏன்டே, பயமா இருக்கா?" சிரிச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாள் மரத்து ஒரு முனையைத் தூக்கிச் சொவர் மேல வச்சாவ. கேப்டன், ரெண்டு தச்சமாரு, எங்க வீட்டுக்காரரு, என் பட்டறையில தைக்குத ரெண்டு பிள்ளைய, எல்லாரும் நிக்காவ. மொதல்ல என் சறுக்கி. சும்மா விட்டா எறங்குச்சு. நல்லா எறங்குச்சு. அப்பம் இவன் என்ன செஞ்சான், ஒரு பேட்டனை எடுத்து முனையை வச்சு நெட்டுனான். "காத்து அடிக்கும்போது இப்படித்தான் மைனி நெட்டும்"னான். சறுக்கி பாதியில நின்னு போச்சு. தட்டினேன், அசையலை. பொறவு அவன் வண்டியை விட்டான். அதே மாதிரி நெட்டத்தான் செஞ்சான், நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அது சரசரன்னு கீழ வந்துட்டு.

கேப்டன் கையைத் தட்டினாரு. அப்பவும் நான் பேசாமத்தான் இருந்திருப்பேன். ஆனா என்னால முடியலை, "இதெல்லாம் வீட்டு முத்தத்துல எறங்கும், உப்புக் கடல்ல எறங்காது"ன்னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்னான் பாருங்க. சிரிச்ச மொகமாச் சொன்னான். "மைனிக்குத் துணிதான் தெரியும். துணியில அவுகளை அடிக்க ஆளே கெடையாது. இது துணி வேலை இல்லை."

எல்லாரும் சிரிச்சாவ. தச்சமாரு சிரிச்சாவ. என்ட்ட கூலி வாங்குத பிள்ளைய வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுவ. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவரும் சிரிச்சாரு. கட்டுன புருசன், தம்பி சொன்ன வார்த்தைக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. துணியில அவுகளை அடிக்க ஆளே இல்லைன்னு சொன்னான்லா, அது பெருமைதான மைனின்னு பொறவு என் நாத்தனா வந்து கேக்கா. பெருமையாம். துணிதான் தெரியும்ங்கிறதுல அந்த "தான்" இருக்கே, அது நெஞ்சுல மீன் முள்ளு மாதிரி நின்னுட்டு. எச்சியை முழுங்கும்போதெல்லாம் குத்துச்சு.

ட்ராக்கை மாட்டினான். பாயில வண்டியைச் சேக்க நான்தான் தச்சுக் குடுத்தேன். வேலை வேற, கோவம் வேற, தையல்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. மாட்டி முடிச்சுட்டு கேப்டனுக்கு வகுப்பு எடுத்தான். "ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது கேப்டன். கிரீஸ் ஆகவே ஆகாது. இது எண்ணெய் கேக்காத ஜாதி. நம்ம ஊருல துறைமுகத்துக் கரித்தூசி பறக்கு, உப்பளத்துத் தூசி பறக்கு. எண்ணெய் பட்டா தூசி ஒட்டும், குண்டு உருளாம மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிரும். வாரம் ஒருக்கா நல்ல தண்ணியை ஊத்திக் கழுவுங்க, அது போதும்." நானும் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இரும்புச் சாமானுக்கு எண்ணெய் விடாதங்கிற மெக்கானிக்கை நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா? நான் மனசுக்குள்ள சிரிச்சேன்.

அடுத்த செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போனேன்.

நீங்க எந்த வேதமோ, எங்களுக்கு ஒரு காரியம் நடக்கணும்னா அந்தோணியார்ட்ட பதிமூணு செவ்வாக்கிழமை நேர்ந்துக்கிடுவோம். நான் ஒளிவு மறைவு இல்லாமத்தான் கேட்டேன். அய்யா, எத்தனை பேரை அவன் என்னைப் பாத்துச் சிரிக்க வச்சானோ, அதுக்கு ரெண்டு பங்கு பேருக்கு முன்னால அவன் தலை குனியணும். அந்த ட்ராக்காலயே குனியணும். நடந்தா ஏழைகளுக்கு ரொட்டி குடுக்கேன்னு. யாரும் சாகணும்னு கேக்கலை, தம்பி. அந்த அளவுக்குப் பாவி இல்லை நான்.

கோயில்ல ராவும் பகலும் எரியுத விளக்கு இருக்கு. அந்த எண்ணெயை மந்திரிச்சுக் குடுப்பாவ. காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியில தடவுவோம், மூட்டு வலிக்குத் தடவுவோம், புது வலைக்கு, புது எஞ்சினுக்கு, பைக் வாங்கினா பைக்குக்கு. எல்லாத்துக்கும் அதுதான். ஒரு சின்ன பாட்டில்ல வாங்கிக்கிட்டு நேரா படகுக்குப் போனேன். நான் பாயைப் பாக்கப் போறது வழக்கம்தான, யாரு கேப்பா. பாய் எறங்கிக் கெடக்கும்போது வண்டியெல்லாம் கீழ அடுக்கா வந்து நிக்கும், கைக்கு எட்டுத ஒசரத்துல. பாய் உச்சியில இருக்க தலை வண்டியோட சேத்து ஆறு. ஒவ்வொண்ணுக்கும் சிலுவை போட்டு ஒரு சொட்டு. ட்ராக்குல எட்டுறமுட்டும் பெருவிரலால ஒரு இழுப்பு. ஒரு அருள் நிறை மரியே செபம். வந்துருவேன்.

பதிமூணு செவ்வாயும் போனேன். மேக்க இருந்து கச்சான் காத்து வீசுத காலம், சேலை முந்தானையெல்லாம் கரித்தூசி. வண்டியள தொட்டா கை கருப்பாயிரும். நான் வீட்டுக்கு வந்து புளி போட்டுக் கழுவுவேன். இடையில ஒருநாள் கேப்டன் சொன்னாரு, பாய் முன்ன மாதிரி எறங்கலை, லேசா பிடிக்குன்னு. அந்தோணியாரு வேலையைத் தொடங்கிட்டாருன்னு நெனச்சேன். பெஸ்கி வந்து பாக்கணும்னு சொன்னானாம், கேப்டன்தான் ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகும்போதே பாத்துக்கிடுவோம்னுட்டாரு. அது அவரு தப்பு. அதை யாரும் பேச மாட்டாவ.

பதிமூணாவது செவ்வாய்க்குப் பொறவு வந்த ஞாயிறு. கேப்டன், அவரு மச்சினமாரு ரெண்டு பேரு, பெஸ்கி. பூசை முடிஞ்சு போனாவ, வானம் தெளிவாத்தான் இருந்துச்சு. பதினொரு மணிக்கு மேக்க இருந்து ஒரு காத்து கெளம்புச்சு பாருங்க. பட்டறை ஓடு ரெண்டு பறந்துட்டு. கடல்ல அவுக பாயை எறக்கணும். கயித்தை அவுத்தாச்சு. பாய் வரலை. ஒரு அடி வந்து நின்னு போச்சு. படகு ஒருச்சாய்ஞ்சு தண்ணி உள்ள ஏறுது, மச்சினமாரு மாதாவே மாதாவேன்னு கத்துதாவ. இவன் மரத்துல ஏறிட்டான். கையால ஒவ்வொரு வண்டியாப் பிடிச்சு இழுத்து எறக்கியிருக்கான். கடைசி வண்டி படக்குன்னு விட்டுச்சு. பாயோட சேந்து இவனும் வந்துட்டான். பத்தடி. இடுப்பு ஒடைஞ்சு போச்சு. படகு தப்பிச்சுட்டு, நாலு பேரும் தப்பிச்சாவ.

தெய்வம் நின்னு கொல்லும்னு சொல்லுவாவ. அந்தோணியாரு நிக்கலை, பதிமூணு செவ்வாயில முடிச்சுட்டாரு.

அப்பிடிப் பாக்காதிய. நான் இடுப்பைக் கேக்கலை. தலை குனியணும்னுதான் கேட்டேன். அவரு குடுத்தது கூடுதல். அதுக்கு நான் என்ன செய்ய.

கேப்டன் மறுநாள் இந்தா, நீங்க இருக்கிய பாருங்க, இதே ஸ்டூல்ல வந்து உக்காந்தாரு. "மெற்றில்டா, ஒன் பேச்சைக் கேட்டிருக்கணும்"னாரு. துணி தெரிஞ்சவ சொன்னா எவன் கேக்கான்னு கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. அன்னைக்கு நான் ரெண்டு வாய் சோறு கூடுதலாத் தின்னேன், மறைக்க மாட்டேன். ஊரெல்லாம் சொன்னேன். மீன் சந்தையில சொன்னேன், கல்யாண வீட்டுல சொன்னேன், பூசை முடிஞ்சு வெளிய வார பொம்பளையள நிப்பாட்டிச் சொன்னேன். அவன் மாட்டுன ட்ராக்தான் நாலு உயிரை எடுக்கப் பாத்துச்சுன்னு. அன்னையோட அவனைப் பாய்மர வேலைக்கு ஒருத்தன் கூப்பிடலை. ரெண்டு வருசமாச்சு. இப்பம் தண்ணி மோட்டாரும் கிரைண்டரும் ரிப்பேர் பாக்கான். பெஞ்சாதி பிள்ளையளுக்கு டியூசன் எடுக்கா.

அந்த ட்ராக்கைக் கழத்திப்போட்டு என் சறுக்கியைத் தச்சு மாட்டினேன். அதுவும் சிக்கத்தான் செஞ்சுச்சு. ஆனா அது வேற மாதிரி சிக்கல். கேப்டனுக்கு மனசு விட்டுப் போச்சு, இப்பம் ஒங்க தலையில கெட்டிட்டாரு.

சரி, கதை இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். நேர்ச்சைன்னு ஒண்ணு இருக்குல்லா. அவன் ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூணு மாசங் கழிச்சு, கோயில் வாசல்ல ரொட்டி குடுத்தேன். முன்னூறு ரொட்டி. வரிசையா வந்து வாங்குதாவ. பாத்தா கக்கத்துல ரெண்டு கட்டையை ஊனிக்கிட்டு இவன் வரிசையில நிக்கான். ஏழையளுக்குக் குடுக்க ரொட்டி. அவனுக்குக் குடுக்காம எப்பிடி இருக்க, எல்லாரும் பாக்காவ. குடுத்தேன். வாங்கிக்கிட்டு அங்கிட்டுப் போகாம அங்கனயே நிக்கான்.

"என்ன நேர்ச்சை மைனி?"

"ஒரு காரியம் கேட்டேன். நடந்துச்சு."

"கேட்டபடியே நடந்துச்சா?"

நான் அடுத்த ஆளுக்கு ரொட்டியை நீட்டினேன். அவன் ரொட்டியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி சொன்னான். "அடுத்து ஏதும் நேர்ந்துக்கிட்டா ரொட்டியோட நிறுத்திக்கிடுங்க மைனி. எண்ணெய் கோயில்லயே எரியட்டும்."

எண்ணெய் விஷயம் இவனுக்கு எப்பிடித் தெரியும்? வண்டி ஆறையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வரச்சொல்லி, படுக்கையில படுத்துக்கிட்டே பிரிச்சுப் பாத்திருக்கான். எடுத்துக் குடுத்தது யாருங்கிய, எங்க வீட்டுக்காரரு. என்ன ஏதுன்னு அவருக்குத் தெரியாது. உள்ள கரி மை மாதிரி அப்பிக் கெடந்துச்சாம், ஒரு குண்டுகூட உருளலையாம். மோந்து பாத்தேன் மைனி, சாம்பிராணிப் பொகை ஏறுன விளக்கு எண்ணெய், நம்ம கோயில் வாசம்னான். படகுல ஏறி எறங்குத பொம்பளை நீங்க ஒருத்திதான மைனின்னான்.

"கேப்டன்ட்ட சொன்னியா?"

"இல்லை."

"ஒங்க அண்ணன்ட்ட?"

"யார்ட்டயும் சொல்லலை. நான் தேர்ந்தெடுத்தது தப்புன்னுதான் கேப்டன்ட்ட சொன்னேன்."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"சொன்னா யாரு மைனி இனி ஒங்க கையில பாயைக் குடுப்பா? பட்டறையில அஞ்சு பேரு சாப்பிடுதாவ. ஒங்க பட்டறையை மூடுனா என் இடுப்பு சேந்துருமா?" கட்டையை ஊனிக்கிட்டுப் போயிட்டான். மிச்ச ரொட்டியைக் கீழ போடாம தின்னுக்கிட்டே போனான்.

நான் கோட்டி இல்லை, தம்பி. எனக்கும் வெளங்கும். அன்னைக்கு ராத்திரியே வெளங்கிட்டு. எண்ணெய் படக்கூடாதுன்னு அவன் சொல்லும்போது நான் பக்கத்துலதான நின்னேன். அந்தோணியாரு ஒண்ணும் செய்யலை. என் பெருவிரலு செஞ்சுது. ஆனா நான் வேணும்னு செய்யலை, அதை மட்டும் நம்புங்க. நான் அவர்ட்டதான் கேட்டேன்.

இதுல எனக்குக் கோவம் எதுக்குன்னு கேக்கியளா? என்னை மன்னிக்க அவன் யாரு? என் கையால சோறு தின்னவன் என்னை மன்னிக்கான். ஊரறிய ஏசியிருந்தா நானும் ஊரறிய ஏசியிருப்பேன். மயிரைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரத்துல சரியாயிருக்கும். இது அப்பிடி இல்லை. வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, தெருவுல பாக்கும்போதெல்லாம் "சாப்பிட்டியளா மைனி"ங்கான். அதான் அவன் பழி. அவன் சாப்பிட்டியளாங்கும்போது, எண்ணெய் விட்டியே எண்ணெய் விட்டியேன்னு என் காதுல விழுது. ரெண்டு வருசமா நான் வயிறாரச் சாப்பிடலை.

சண்டைக்கு இழுத்துப் பாத்தேன். அவன் வாசல் முன்னால எங்க வீட்டுக் கழிவுத் தண்ணியைத் திருப்பி விட்டேன். அவன் ஒரு பைப்பை வாங்கிப் பதிச்சுட்டு, மைனி வீட்டுலயும் சேத்துப் பதிச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போறான். சாமியார்ட்ட போய் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணேன். அவரு, கேப்டன்ட்ட போய் உண்மையைச் சொல்லுன்னாரு. நான் இப்பம் அந்தச் சாமியார்ட்ட போறதில்லை, பனிமய மாதா கோயிலுக்குப் போறேன். அங்க கூட்டம், நம்ம மொகம் தெரியாது.

இன்னைக்கு நீங்க வந்து பெஸ்கி வீடு எங்கன்னு கேட்டதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ரெண்டு வருசத்துல அவனுக்கு வார மொத பாய்மர வேலை இது. இதைக் கெடுத்து விட்டுருவோம்னுதான் ஒங்களை உக்கார வச்சேன். மறைப்பானேன். அவனைப் பத்தி நாலு சொல்லி, இந்தப் பாயையும் வாங்கி வச்சுக்கிட்டு ஒங்களை அனுப்பிருவோம்னு. சொல்லச் சொல்ல வேற ஒண்ணு தோணிட்டு.

நீங்க அவன்ட்டயே போங்க. அந்தக் குண்டு ட்ராக்கையே மாட்டச் சொல்லுங்க, அதுதான் நல்ல ட்ராக். சறுக்கி சிக்கும். நான் சொல்லுதேன், சறுக்கி தச்சவ சொல்லுதேன். எண்ணெய் காட்டாதிய, நல்ல தண்ணி ஊத்துங்க. ஆனா ஒண்ணு, போனதும் அவன்ட்ட சொல்லணும், மெற்றில்டாதான் ஒங்கட்ட அனுப்புனான்னு. இந்த வேலை மைனி போட்ட பிச்சைன்னு அவனுக்குத் தெரியணும். ஒவ்வொரு ஸ்க்ரூவை முடுக்கும்போதும் என் மொகம் அவனுக்கு முன்னால வந்து நிக்கணும். எனக்கு அவன் செஞ்சதை நான் அவனுக்குத் திருப்பிச் செய்யுதேன். வாங்கிட்டு அவன் முழிக்கட்டும். அவனும் ஒரு நாலு நாளு சாப்பிடாமக் கெடக்கட்டும்.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வாரிய. சொல்லுங்க.

என்ட்டதான் மொதல்ல வரச்சொன்னாவளா? யாரு சொன்னா?

அவனா. போன்லயா. எப்பம், நேத்தா?

என்ன சொன்னான்னு அப்பிடியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாதிய. மொதல்ல பாயை மெற்றில்டா மைனிட்ட கொண்டு குடுங்க, வண்டி மாட்டுற தையலை அவுகதான் தைக்கணும், வேற யாரு தச்சாலும் நான் ட்ராக் மாட்ட மாட்டேன்னானா. நான் அனுப்புனேன்னு தெரிஞ்சா வெக்கப்படுவாவ, அதனால என் வீட்டைக் கேக்குத மாதிரி கேளுங்கன்னானா.

இரிங்க. எனக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க, அந்தச் செம்புல இருக்கு.

அப்பம் நான் அனுப்பி நீங்க போகலை. அவன் அனுப்பித்தான் நீங்க இங்க வந்திருக்கிய. இவ்வளவு நேரம் நான் இங்க உக்காந்து கதை சொல்லிக்கிட்டு இருக்கேன், அவன் நேத்தே முந்திக்கிட்டான். என்ன செஞ்சாலும் முந்திக்கிடுதான் தம்பி. நான் குழம்பு குடுத்தா அவன் பழம் குடுப்பான். நான் வேலை குடுத்தா அவன் வேலை குடுப்பான். எதைக் குடுத்தும் அவனை மிஞ்ச முடியாது. அவன்ட்ட ஒரு சாமான் இருக்கு, அது என்ட்ட இல்லை. நான் செஞ்சதை அவன் மறைச்சு வச்சிருக்கான் பாருங்க, அந்தச் சாமான். அதை வச்சுக்கிட்டுத்தான் அவன் நிமிர்ந்து நடக்கான். ஒடைஞ்ச இடுப்போட நிமிர்ந்து நடக்கான்.

பாயை அந்தப் பலகையில வைங்க. தச்சுத் தாரேன், வெள்ளிக்கிழமை வாங்க. வாரதுக்கு முந்தி ஒரு போன் போட்டுக்கிடுங்க, அன்னைக்குப் பட்டறை தொறந்திருக்குமோ என்னமோ. ஏன்னா கேக்கிய. எந்திரிங்க, கேப்டன் வீடு போற வழிதான், ரெண்டு பேரும் சேந்தே போவோம். அவரு சாயந்திரம் முத்தத்துலதான் உக்காந்திருப்பாரு, எதுத்த வீட்டுக்காரமாரெல்லாம் இருப்பாவ. நல்லதாப் போச்சு. எல்லாரும் இருக்கட்டும், அந்தத் தச்சமாரையும் கூப்பிட்டு விடச் சொல்லுதேன். எண்ணெய் விட்டது நான்தான், ட்ராக்குல ஒரு குத்தமும் இல்லைன்னு அத்தனை பேருக்கும் முன்னால சொல்லப் போறேன். பாயை ஒருத்தனும் என் கையில குடுக்காட்டா குடுக்காம போகட்டும், தார்ப்பாய் தச்சுக்கிடுதேன்.

நீங்க அதைக் கேட்டுட்டு நேரா அவன் வீட்டுக்குப் போங்க. மைனி எல்லாத்தையும் ஊரறியப் போட்டு ஒடைச்சுட்டான்னு சொல்லுங்க. என்னை மன்னிக்க இனி அவன்ட்ட என்ன இருக்குன்னு நானும் பாக்கேன்.